பேசாம எடைக்குப் போட்டுடுங்க!

யாரிடம் போய்ச் சொன்னாலும் இதே பதில்தான். மெக்கானிக் சொல்கிறார். லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். போக்குவரத்து அலுவலக வாசலில் வேப்பமர நிழலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் புரோக்கர் சொல்கிறார். மச்சினன் போனில் சொல்கிறான். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பையன் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே சொல்கிறான்: “பேசாம எடைக்குப் போட்டுடுங்க அங்கிள்.”

எடைக்கா? பிஸ்டன் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கிராங்க் நன்றாக இருக்கிறது. ஆறு கியரும் ஒழுங்காக விழுகின்றன. உடைந்திருப்பது எஞ்சின் கேஸ் ஒன்றுதான். அதிலும் பெயர்ந்து போனது கட்டைவிரல் அளவு அலுமினியம், அதை ஒட்டி ஒரு விரிசல். இதற்காக முழு வண்டியையும் கிலோ கணக்கில் தூக்கிப் போட வேண்டுமாம்.

வண்டி ராஜ்தூத் 350. தெரிந்தவர்களுக்குப் பெயரே போதும். தெரியாதவர்களுக்கு: ஜப்பானில் யமஹா செய்த ஆர்.டி. 350 என்ற வண்டியை, அவர்களுடைய தொழில்நுட்பத்தை வாங்கி, 1983 முதல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி பரீதாபாத்தில் செய்து விற்றது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ‘ஹை டார்க்’ மாடல் 30.5 குதிரைத்திறன் என்றார்கள். அதே காலத்துப் புல்லட் 350-க்கு 18. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் இந்த வண்டி போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் கையைக் காட்டிக் காட்டிப் பேசுவார்கள். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும், உதிரி பாகம் விலை அதிகம், பிரேக் போதாது என்று அப்போதே ஜனங்கள் ஒதுக்கினார்கள். பத்து வருஷம்கூட உற்பத்தியில் தாக்குப்பிடிக்கவில்லை. தொண்ணூறுகளில் பல வண்டிகள் நிஜமாகவே எடைக்குப் போயின. அப்படிப் போடாமல் வைத்திருந்தவர்களில் ஒருவர் என் பெரியப்பா. சித்தூரில் பதிவான வண்டி, ஏ.பி. 03 எண். இப்போது ஆர்.சி. என் பெயரில்.

சந்திரகிரி தாண்டிச் சித்தூர் சாலையில் செயின் அறுந்தது. அறுந்த செயின் பின்பக்கமாகச் சாலையில் விழுந்தால் புண்ணியம். இது முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு, சுற்றிய வேகத்தில் கேஸின் சுவரில் மோதியது. அந்தக் கால யமஹாக்களில் இது புதிய சங்கதியும் இல்லை. ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தவர்களில் பலர் இதே இடத்தில் இதே அடியை வாங்கியிருக்கிறார்கள். இடது பக்கக் கவரைக் கழற்றினால் உள்ளே கிளட்ச் ராடு வரும் துளை, அதன் ஆயில் சீல், பக்கத்தில் ஒரு பள்ளம். பள்ளத்திலிருந்து கறுத்த கியர் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் முன் விளிம்பிலிருந்து முடி போல ஒரு கோடு புறப்பட்டு, கிராங்க் இருக்கும் பக்கமாகப் போய் எங்கேயோ மறைந்தது.

எங்கே மறைந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருப்பதியில் நான் வழக்கமாகப் போகும் பாய் கடையில் அதைக் கண்டுபிடித்த விதம் பார்க்க அழகாக இருந்தது. கேஸைச் சுத்தமாகக் கழுவித் துடைத்தார். வெளிப்பக்கம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையடித்தார். உட்பக்கம் விரிசல் மேல் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து வைத்துவிட்டு, “டீ சாப்பிட்டு வரலாம் சார்” என்றார். திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைக்கு நடுவில் ஈரமாக ஒரு கோடு. பென்சிலால் கோடு போட்டது போலத் துல்லியமாக, பேரிங் உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. பெரிய ஆலையில் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பூச்சும் வைத்துச் செய்யும் அதே சோதனைதான். பாய் அதைச் சாக்பீஸில் முடித்துவிட்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, தெலுங்கும் தமிழும் கலந்த நம் ஊர்ப் பாஷையில் சொன்னார்: “வதிலேயண்டி சார். விட்டுடுங்க. எடைக்குப் போட்டா ஏதோ வரும்.”

அவருடைய கடைப் பையனுக்கு வேறு யோசனை. “எம்-சீல் வெச்சு அடைச்சுடலாம் சார்.” பள்ளத்தை மட்டும் அடைத்துக் கியர் ஆயிலை நிறுத்துவது என்றால் எம்-சீல் சில மாதம் தாங்கும். ஆனால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கேஸ் என்பது வெறும் மூடி இல்லை, அதுவே பம்பு. காற்றும் பெட்ரோலும் ஆயிலும் கலந்து முதலில் கேஸுக்குள்தான் வருகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அமுங்கி, அங்கிருந்துதான் மேலே சிலிண்டருக்குப் போகின்றன. அந்த அறையில் முடி அளவு விரிசல் விழுந்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் விகிதம் குறையும். பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறையும். சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரில் இறுகும். நல்ல வேகத்தில் போகும்போது பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும். புத்தூர் சாலையில் லாரிக்கு முன்னால் அது நடந்தால் எம்-சீல் வந்து காப்பாற்றாது.

சரி, வெல்டிங். ஊரில் ‘ஆர்கான் வெல்டிங்’ பலகைக்குப் பஞ்சமே இல்லை. பால் பண்ணைகளும் டாங்கர்களும் நிறைந்த பழைய சித்தூர் ஜில்லாவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை அவ்வளவு இருக்கிறது. கல்யாண மண்டபத்து அண்டா முதல் பால் டாங்கர் வரை எல்லாம் ஒட்டிக் கொடுப்பார்கள். ஆனால் ஸ்டெயின்லெஸுக்கு டி.சி. மெஷின் போதும். அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டும். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகம் 660 டிகிரிக்குள் உருகிவிடும், மேல் தோலோ 2000 டிகிரி தாண்டினாலும் அசையாது. ஏ.சி. மின்சாரம் திசை மாறி மாறி அடிக்கும்போதுதான் அந்தத் தோல் உடையும். டி.சி. மெஷினோடு உட்கார்ந்துகொண்டு “அலுமினியமா, கொண்டாங்க பார்க்கலாம்” என்று சொல்பவரிடம் கொடுத்தால், தோல் அப்படியே இருக்க உள்ளே மட்டும் கஞ்சி போல இளகி, மொத்தமும் தொபுக்கென்று கீழே விழும். இரும்பு உருகும் முன் சிவக்கும், எச்சரிக்கும். அலுமினியம் சிவப்பதே இல்லை. வெள்ளையாகவே இருந்து வெள்ளையாகவே விழுந்துவிடும்.

கொஞ்சம் சுற்றிய பிறகு ஏ.சி. மெஷின் உள்ள ஒருவரைப் பிடித்தேன். வயதானவர், கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டு வேலை செய்பவர். கேஸைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். முப்பது நாற்பது வருஷம் ஆயிலில் ஊறிய வார்ப்பு. நுண்ணிய துளைகளில் எல்லாம் ஆயில் குடித்து வைத்திருக்கிறது. டார்ச் பட்டதும் அது கொப்பளித்துக் கரியாக மேலே வரும், வெல்டிங் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் கேஸையே சூடுபடுத்தி ஆயிலை எரித்து வெளியேற்ற வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் ஒரு சின்னத் துளை போட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல் நெடுக வாய்க்கால் போல அறுத்துத் திறந்து, கொஞ்சம் போட்டு, அராவி, கரியை எடுத்து, மறுபடியும் போட வேண்டும். பொறுமையாகச் செய்தார். கூலியாக அவர் கேட்ட தொகை, நல்ல ஓட்டலில் நான்கு பேர் சாப்பிடும் பில்லைவிடக் குறைவு. இவரைக் கௌரவிக்க எந்தச் சங்கமும் விழா எடுக்கப் போவதில்லை. அவருக்குப் பின்னால் அந்தப் பட்டறையில் யார் என்று கேட்டேன். மகன் பெங்களூரில் இருக்கிறானாம், வேறு வேலை.

வெல்டிங் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சூடு பட்ட உலோகம் ஆறும்போது சுருங்கும். அதில் பேரிங் உட்காரும் வட்டம் நூலளவு கோணினாலும் போதும், கிராங்க் இறுகிச் சுற்றும். இந்த எஞ்சினின் கேஸ் மேல் பாதி, கீழ் பாதி என்று படுக்கைவாட்டில் பிரிவது. தொழிற்சாலையிலேயே இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டித்தான் பேரிங் துளைகளைக் குடைந்திருப்பார்கள். இந்த மேல் பாதிக்கு அந்தக் கீழ் பாதிதான் ஜோடி. வேறு வண்டியின் பாதி சேராது. இப்போது வெல்டிங் ஆன கேஸையும் அதே போலச் சேர்த்துப் பூட்டி லைன் போரிங் செய்ய வேண்டும். நம் பக்கம் லைன் போரிங் மெஷின்கள் லாரி எஞ்சினுக்கும் டிராக்டர் எஞ்சினுக்கும் இருக்கின்றன. “இத்தனூண்டு கேஸுக்கு செட்டிங் போடவே ஒரு நாள் ஆகும் சார், அந்த நேரத்தில் ரெண்டு லாரி முடிச்சிடுவேன்” என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பும் இல்லை. அதனால் கேஸ் ஒரு பட்டறையின் அலமாரியில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முன் முடிந்துவிடும் என்கிறார்கள். எந்தத் தீபாவளி என்று கேட்கவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, வேறு கேஸ் வாங்கிப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் தேடினேன். சென்னைப் புதுப்பேட்டை, பெங்களூர் ஜே.சி. ரோடு, டெல்லி கரோல் பாக் என்று பழைய வண்டிக்காரர்கள் வழக்கமாகத் தேடும் எல்லா ஊர்களுக்கும் போன் போட்டாயிற்று. ஓர் ஊரில், எந்த ஊர் என்று வேண்டாம், ஒரு கடைக்காரரிடம் ஜோடிக் கேஸ் இருந்தது. “ஜப்பான் வார்ப்பு சார், இந்த மாதிரி இனி கிடைக்காது” என்றார். விலை, புது ஸ்கூட்டர் விலையில் பாதி. நேரில் போய் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், மேல் பாதியில் எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடம் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தது. அராவியிருக்கிறார்கள். “நம்பர் எங்கே?” என்றேன். “அது உங்க வசதிக்குத்தான் சார். உங்க நம்பரை நீங்க அடிச்சுக்கலாம்” என்கிறார், ஏதோ இலவசப் பரிசு கொடுப்பது போல. திருப்பதியில் குடியிருக்கிறவனுக்கே நாமம் போடப் பார்க்கிறார்! அது எந்தத் திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதோ. இல்லை, முறையாக வாங்கியதுதான் என்றால் வரட்டும், காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் ஈரத் துணியோடு நின்று சத்தியம் செய்யட்டும். அடுத்த நிமிஷமே பணத்தை எண்ணி வைக்கிறேன்.

என் ஆதங்கத்தின் நடுப் புள்ளி இந்த நம்பர்தான். உடைந்த அலுமினியத்தை ஒட்டிவிடலாம். ஆனால் அந்த மேல் பாதியில் அடித்திருக்கும் சில எழுத்துகளும் எண்களும்தான் சட்டத்தின் கண்ணில் என் எஞ்சின். கேஸை மாற்றினால், உள்ளே பிஸ்டனும் கிராங்கும் கியரும் எல்லாம் பழையதாகவே இருந்தாலும், காகிதப்படி எஞ்சினையே மாற்றியதாகத்தான் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு இதற்கு வழி சொல்லாமல் இல்லை. பதிவு அதிகாரியின் அனுமதியோடு மாற்ற வேண்டும். அனுமதி வாங்காமல் எஞ்சினை மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் அவரிடம் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். படிக்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள்.

ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

“எஞ்சின் மாத்தணுமா? டீலர் பில் கொண்டாங்க.”

“சார், இந்த வண்டியை நிறுத்தியே முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. டீலரே கிடையாது.”

“அப்ப கம்பெனி லெட்டர்.”

“அந்தக் கம்பெனி இப்ப டிராக்டர் செய்யுது சார்.”

“பில்லும் இல்ல, லெட்டரும் இல்ல. நான் எதை வெச்சு என்ட்ரி போடறது?”

அவர் கோபமாகப் பேசவில்லை. உண்மையில் அனுதாபத்தோடுதான் பேசினார். அவரிடம் இருக்கும் கம்ப்யூட்டரில் ஆவணத்தை ஏற்றச் சொல்லி ஒரு கட்டம் கேட்கிறது. அந்தக் கட்டத்தில் போட என்னிடம் ஒன்றும் இல்லை. எஸ்கார்ட்ஸும் யமஹாவும் பிறகு கூட்டுச் சேர்ந்து, 2001-இல் யமஹா முழுப் பங்கையும் வாங்கிக்கொண்டு தனியானது. என் வண்டி இந்த இருவருக்கும் நடுவில் எங்கேயோ பிறந்து எங்கேயோ தொலைந்துபோன ஒன்று. கடைசியில் அந்த ஊழியரே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எதுக்கு சார் இத்தனை அவஸ்தை? ஸ்க்ராப்ல குடுத்துடுங்க.” எடைக்குத்தான், கொஞ்சம் கௌரவமாக.

வேறு கேஸைப் போட்டு, யாருக்கும் சொல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று மச்சினன் கேட்கிறான். வேறு ஊராக இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. இது திருப்பதி. மலையேற வேண்டுமானால் அலிபிரியில் சோதனை. சேஷாசலத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் செம்மரக் கடத்தலுக்காகச் சோதனை. ராத்திரியில் பழைய வண்டியில் தமிழ் பேசிக்கொண்டு வருகிற ஆளை இரண்டாவது தடவை பார்க்காமல் விடமாட்டார்கள். டார்ச் அடித்து நம்பரைப் பார்த்து, அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால், ‘பெரியப்பா வண்டி சார், செயின் அறுந்தது சார்’ என்ற கதையை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். வண்டி அங்கேயே வளாகத்தில் வெயிலில் நிற்கும். அப்படி நிற்கும் வண்டிகள் பிறகு என்ன ஆகின்றன என்று எந்தக் காவல் நிலையத்து மதில் ஓரத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே சட்டப்படி நடக்க நினைப்பவனுக்கு ஒரே வழி, உடைந்ததையே ஒட்டிக்கொண்டு ஓட்டுவது. நாளைக்கே யாராவது புத்தம் புதிய, முத்திரை பிரிக்காத கேஸை இலவசமாகக் கொண்டுவந்து வைத்தாலும் நான் அதைப் போட முடியாது. பாதுகாப்பான பாகத்தைத் தள்ளிவிட்டு, வெல்டிங் போட்ட பாகத்தில் ஓடச் சொல்கிறது விதி.

வெளிநாட்டில் இந்தத் தலைவலி இல்லாமல் இல்லை. போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் கடைசியிலிருந்து 1977 வரை அதன் எஞ்சின் கேஸை மக்னீசியத்தில் வார்த்தார்கள், எடை குறையும் என்று. குறைந்தது. ஆனால் எஞ்சினைப் பெரிதாக்கி 2.7 லிட்டர் ஆக்கியதும் சூடு ஏறி, சிலிண்டர் தலையைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் மக்னீசியத்திலிருந்து மரையோடு பிய்ந்து வந்தன. 1978 முதல் அலுமினியத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இன்றைக்கும் உலகெங்கும் அந்தப் பழைய கேஸ்களில் மரைக்குள் எஃகுப் புஷ் திருகி, காப்பாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன, விலைப்பட்டியலோடு. ஜாகுவார் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. இ-டைப் காரில் வந்த பழைய எக்ஸ்கே எஞ்சினின் ப்ளாக்கைச் சில ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் வார்த்து விற்கத் தொடங்கியது. அதுவும் எப்படி? உரிமையாளர் உரிய ஆதாரத்தைக் காட்டினால், அவருடைய காரின் பழைய எஞ்சின் எண்ணையே புதிய ப்ளாக்கில் பொறித்துக் கொடுக்க ஏற்பாடு. நான் அலுவலக ஜன்னலில் நின்று கேட்டது இதைத்தான்!

பணக்காரன் கார், பணக்காரன் நாடு, அதனால் நடக்கிறது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பாருங்கள். 1961-இல் தொடங்கி எழுபதுகளின் ஆரம்பம் வரை வந்த கார். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். உறவு அவ்வளவு நெருக்கம் என்பதால் இன்றைக்கும் ஹெரால்டுக்காரர்களுக்குக் கேஸ்கெட், பேரிங், வால்வு எல்லாம் இங்கிலாந்திலிருந்து பார்சலில் வந்துவிடுகின்றன. அவர்களுக்குக் கிடைக்காதது எது தெரியுமா? நம் ஊருக்காகவே வண்டலூரில் செய்த நான்கு கதவு மாடலின் பின்கதவு. சீமையில் செய்தது கிடைக்கும், சென்னையில் செய்தது கிடைக்காது.

அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் திருப்பதி ஜில்லாவில் உலோகமும் எந்திரமும் தெரிந்த கைகளுக்கு என்ன குறை? ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு வண்டிகள் வெளிவருகின்றன. சத்தியவேடு பக்கம் ஹீரோ மோட்டார்சைக்கிள் ஆலை. கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி. டயருக்கு அப்பல்லோ. ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க இங்கேயே ரயில்வே பட்டறை. ஏர்ப்பேடு பக்கம் ஐ.ஐ.டி. வேறு. ராத்திரி முழுக்கப் புது வண்டிகளை ஏற்றிய டிரெய்லர்கள் ரேணிகுண்டா சாலையில் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு வண்டியை அதன் முதல் நட்டிலிருந்து உருவாக்கத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரத் தொலைவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு பழைய கேஸில் இரண்டு பேரிங் துளைகளைக் குடைந்து தர ஆள் இல்லை. அந்த ஆலைகளைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்கள் வேலை அதுவல்ல. ஆனால் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் இப்படி ஒரு பழுதைக் கொடுத்து, ‘இதைச் சரிசெய்து காட்டு, மதிப்பெண் தருகிறேன்’ என்று ஒரு வாத்தியாராவது சொல்லக்கூடாதா? வெள்ளையடித்த சாக்பீஸில் விரிசல் ஈரமாக எழுந்து வருவதை ஒரு தடவை பார்த்த பையன் அதை மறக்கமாட்டான்.

அரசாங்கம் பழைய வண்டிகளை ஒரேயடியாக மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘வின்டேஜ்’ வண்டிகளுக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். தனி நம்பர் வரிசை, அதில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனால் வண்டிக்கு முதல் பதிவிலிருந்து 50 வயது ஆகியிருக்க வேண்டும். 1983-இல் வந்த முதல் ராஜ்தூத் 350-க்கே அந்த வயது 2033-இல்தான் வரும். என்னுடையது அதற்கும் பின்னால். சரி, காத்திருக்கலாம் என்றால் அடுத்த நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், எஞ்சின், சேசிஸ், பாடி இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதாவது 50 வயது வரைக்கும் எஞ்சின் கேஸே உடையக் கூடாது. அதற்கிடையில் 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தை இருசக்கர வண்டிக்கு 300-லிருந்து 1,000 ஆக்கினார்கள், காருக்கு 600-லிருந்து 5,000. புகைச் சான்றிதழும் இன்ஷூரன்ஸும் தனி. கட்டுகிறேன், கட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. டூ-ஸ்ட்ரோக் புகை நல்லதில்லை என்பதும் தெரியும். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற வண்டி அது. ஆனால் இவ்வளவும் வாங்கிக்கொள்கிறவர்கள், உடைந்த பாகத்தை முறைப்படி மாற்ற ஒரு காகிதமும் தரமாட்டேன் என்றால் என்ன நியாயம்?

இதற்கு ஒன்றும் பெரிய திட்டம் தேவையில்லை. உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு மட்டும் டீலர் பில் கேட்கும் கட்டத்தில் இன்னொரு வழி வையுங்கள். பழைய கேஸைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆய்வாளர் அதிலுள்ள நம்பரைப் பார்த்து, சேசிஸ் நம்பரோடு ஒத்துப்பார்த்து, பழைய கேஸை அங்கேயே உடைத்துப் போடட்டும். புதிய கேஸில் அவர் கண் முன்னாலேயே நம்பரை அடித்து, ஆர்.சி.யில் ஒரு வரி எழுதட்டும். திருட்டு வண்டிக்காரன் பழைய கேஸைக் கொண்டுவந்து காட்ட முடியாது, நான் காட்டுவேன். நேர்மையாக நடக்க ஒரு கதவு திறந்திருந்தால், நம்பரை அராவி விற்கிறவருக்கு வியாபாரமே இருக்காது.

அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சித்தூரிலோ, வேலூரிலோ, திருத்தணியிலோ உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ, மாமனார் ஷெட்டிலோ ராஜ்தூத் 350 ஒன்று பிரித்த நிலையில் கிடக்கலாம். பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போது அவசரப்படாதீர்கள். கேஸின் இரண்டு பாதிகளையும் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டி வையுங்கள். நம்பரைத் தொடாதீர்கள், கறை பிடித்திருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஆர்.சி. புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். விற்பதாக இருந்தால் உங்கள் கையெழுத்தோடு, தேதியோடு ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள். ரசீது இல்லாத கேஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ரசீதோடு இருந்தால் சொல்லுங்கள். காட்பாடி வரைக்கும் பஸ் பிடித்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.